'எல்' என்றொரு சொல்லும் அம்மாவின் முழமும்

கண்ணுகளா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் படிக்கும்போது உங்கள் அப்பா அம்மாக்களும் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் என் வயதுக்காரர்கள் இருந்தால், மில் சங்கு ஊதும்போது கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைத்த காலம் நினைவுக்கு வரும். தலை நரைத்துப்போன தோழர்களே, நான் சொல்வதில் தப்பிருந்தால் பிள்ளைகளிடம் நீங்களே திருத்திச் சொல்லிவிடுங்கள். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் இன்றும் என் மகளைத்தான் கூப்பிடுவேன். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றி யார் கேட்டாலும் நான் அரைமணி நேரம் பேசுவேன். அந்தச் சொல் எனக்குச் செய்த உதவி அப்படி.

தொண்ணூறுகளில், நான் ஏழாவது படித்த வருடம். ஆவணியில் தொடங்கி ஆயுதபூஜையோடு முடிந்துவிட்ட கதை.

அம்மா சிங்காநல்லூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் பூ விற்றார். அந்தத் தெருவில் வரிசையாக ஏழெட்டுப் பூக்கூடைகள். டவுன் பஸ்களின் டீசல் புகை ஒரு பக்கம், லேத் பட்டறைகளில் இரும்பு தேயும் வாசம் ஒரு பக்கம், நடுவில் ஈரச்சாக்கு போர்த்திய மல்லிகை. மூன்றும் கலந்த அந்த வாசம் இன்றைக்கும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுவேன். அம்மா வெடியால இருட்டோடு பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வருவார். வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, கால் கட்டைவிரலில் மாட்டி, பேசிக்கொண்டே கட்டுவார். கையைப் பார்க்கவே மாட்டார்.

பூவை முழத்தில் விற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். துணிக்கடைக்கு மீட்டர் வந்துவிட்டது. மளிகைக் கடைக்குக் கிலோ வந்துவிட்டது. பூவுக்கு மட்டும் விற்கிறவர் கைதான் அளவு.

என் அம்மா குள்ளம். ஐந்தடிக்கு நான்கு விரற்கடை குறைவு. கையும் அதற்கேற்ற கை. அதை அதுவரை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

எங்கள் பெரிய வாடிக்கை, பம்ப்செட் வீட்டம்மா. அவர் வீட்டுக்காரர் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறை வைத்திருந்தார். வீட்டு சாமிக்கும் பட்டறைச் சாமிக்கும் தினமும் எங்கள் பூதான். அந்த ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு துடியலூர்.

"பூக்காரம்மா, மாப்பிள்ளை ஊட்டு ஒரம்பரை சொந்தத்துல பொம்பளைங்க மட்டும் அறுபது பேர் வாராங்க. ஆளுக்கொரு முழம் மல்லி. அறுபது முழம் கட்டிப்போடு. ஒண்ணு கொறஞ்சாலும் என்ற மானம் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா முந்தைய நாள் மத்தியானமே கட்ட உட்கார்ந்துவிட்டார். அறுபது முழத்தையும் அளந்து, ஒரே சரமாகச் சுருட்டி, வாழை இலையில் பொதிந்து கூடையில் வைத்தார். கல்யாணத்தன்று நான்தான் அதை மண்டபத்துக்குச் சுமந்து போனேன். கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலரில் இறங்கிக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் எனக்கு இலை போட்டு உட்காரவைத்து, கேசரியும் உப்புமாவும் வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே வாசலைப் பார்த்தேன்.

வாசலில் சந்தனக் கிண்ணம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு. அவற்றுக்குப் பக்கத்தில் பம்ப்செட் வீட்டம்மாவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக் கதவில் தலை குனிந்து நுழைகிற ஆள். பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதால் பூ கொடுக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கியிருந்தார். கையில் பாதி பிளேடு. ஒவ்வொரு பெண்மணி வரும்போதும் சரத்தை உருவி, முழம் போட்டு, நறுக்கிக் கொடுத்தார்.

"வாங்க வாங்க! ஆளுக்கொரு முழமுங்க! கிள்ளிக் குடுக்கற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க!" என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கை கழுவி வருவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கூடையில் வாழை இலை மட்டும் இருந்தது. ஆறு பெண்கள் பூ இல்லாமல் நின்றார்கள். அதில் ஒருவர் மாப்பிள்ளையின் சொந்த அத்தை. அவர் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பரவால்லீங்க, எனக்கெதுக்குங்க பூவு" என்றார். கண்ணுகளா, நம்ம ஊரில் இவ்வளவு மரியாதையாக ஒருவர் பேசினால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் பம்ப்செட் வீட்டம்மா எங்கள் கூடைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் தையல்காரர் டேப்பு.

"பூக்காரம்மா, கைய நீட்டு."

"எதுக்குங் அம்மணி?"

"நீட்டும்மா, சொல்றேன்."

அம்மா நீட்டினார். முட்டியில் டேப்பை வைத்து நடுவிரல் நுனிவரை பிடித்தார் அந்தம்மா. வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

"பதினாறரை! எல்லாரும் பார்த்துக்குங்க. முழம்னா பதினெட்டு அங்குலம். இந்தம்மா கை பதினாறரைதான். முழத்துக்கு ஒன்றரை அங்குலம் முழுங்கியிருக்குது. அறுபது முழத்துல அஞ்சு முழம் போச்சு. சம்பந்தி ஊட்டுக்கு முன்னாடி நான் தலை குனிஞ்சது இதுனாலதான்."

"பத்து வருசமா இதே கைதானுங் அம்மணி" என்றார் அம்மா.

"அதத்தான் நானும் சொல்றேன். பத்து வருசமா ஏமாந்திருக்கறம்."

அன்றோடு அந்த வீட்டுப் பூ நின்றது. அவர்களைப் பார்த்து அடுத்தடுத்த பட்டறைகளும் நிறுத்தின. எதிர்வரிசையில் பூ விற்ற அக்கா ஒரு ஆசாரியிடம் சொல்லிப் பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு குச்சி சீவி வாங்கி, அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டார். "கம்பு முழம்! கம்பு முழம்! கைக்கணக்கு இல்லீங்கோ!" என்று அவர் கூவும்போதெல்லாம் அம்மா குனிந்து நாரைக் கிழிப்பார். அந்த நேரத்தில் நார் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

பள்ளிக்கூடத்தில் என் பேர் 'குட்டக்கை' ஆனது. எனக்குக் கை குட்டையில்லை. ஆனாலும் அந்தப் பேர்தான்.

அப்பா மில் ஷிப்ட் முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, பஞ்சு ஒட்டிய தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "நீயும் ஒரு கம்பு வாங்கிப்போடு. உங்கையி சின்னதுதான?"

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "கம்பைப் புடிச்சனா, இத்தன நாளும் ஏமாத்துனேன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிரும். பூ வித்தா இந்தக் கையில விப்பேன். இல்லீன்னா ஊட்டுல உக்காந்துக்கறேன்."

அப்பா நல்லவர். ஆனால் அந்த 'சின்னதுதான' என்ற சொல்லில் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது என்பது இப்போது புரிகிறது. அம்மாவுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மிஞ்சிய மல்லிகை பழுத்துப் பழுப்பேறி, தெருமாட்டுக்குப் போனது. ஆயுதபூஜை வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதுதான் பூவுக்குப் பெரிய நோம்பி. ஒவ்வொரு லேத்துக்கும் ஒவ்வொரு டிரில்லிங் மிஷினுக்கும் மாலை போடுவார்கள். அந்த ஆர்டர் ஒன்றுகூட வராவிட்டால், அம்மா அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமே இல்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

பூ பொட்டலம் கட்ட அம்மா பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார். ஒருமுறை அந்தக் கட்டுக்குள் அட்டையில்லாத தடிமனான இங்கிலீஷ் அகராதி ஒன்று வந்துவிட்டது. முன்னும் பின்னும் கிழிந்து, டி எழுத்தில் நடுவே தொடங்கி எம் எழுத்தில் பாதியில் நின்றது. அம்மா அதில் ஒரு தாளைக் கிழித்துப் பூவைச் சுற்றிப் பார்த்தார். "இது ஈரம் பட்டாக் கரைஞ்சு போகுது. நீயே வெச்சுக்க" என்று என்னிடம் போட்டார். அப்படித்தான் எனக்கு முதல் புத்தகம் கிடைத்தது.

பெரிய சொற்களைப் பார்த்தால் எனக்குப் பயம். அதனால் குட்டிச் சொற்களாகத் தேடிப் படிப்பேன். பம்ப்செட் வீட்டம்மா அளந்துவிட்டுப் போன வாரத்தில், கையைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று முழங்கைக்கான இங்கிலீஷ் சொல்லைத் தேடினேன். எல்போ. நம் பக்கத்தில் பைப் வளைவுக்குக்கூட அந்தப் பேர்தான். அதன் பொருளுக்குக் கீழே, அது எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. 'எல்' வளையும் இடம் என்பதால் எல்போ. எல் என்றால்? இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. இது அந்த எழுத்து எல் இல்லை. தனிச் சொல். மிகப் பழைய இங்கிலீஷ் சொல். ஆதியில் முன்கை என்று பொருள். பிறகு அந்த முன்கையின் நீளத்துக்கே அது பேராகி, துணி அளக்கும் அளவாகிவிட்டது.

ஒரு வரியைப் படிக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. முன்கைக்கு அவர்கள் போட்டிருந்த சொல் தெரியாமல், அதே புத்தகத்தில் எஃப் எழுத்துக்குப் போய்த் தேடித் திரும்பி வந்தேன். புரிந்ததும் என் முழங்கையைத் தொட்டுக்கொண்டேன். முழம், முழங்கை. எல், எல்போ. கடலுக்கு அந்தப் பக்கம் எப்போதோ வாழ்ந்த ஆட்களும் சரத்தையோ துணியையோ முட்டியில் வைத்து விரல்வரை இழுத்திருக்கிறார்கள். என் அம்மா மாதிரியே!

ஆனால் அடுத்த வரி என்னைக் குழப்பியது. எல் என்பது இங்கிலாந்தில் நாற்பத்தைந்து அங்குலம், ஸ்காட்லாந்தில் முப்பத்தேழு, கடலைத் தாண்டி இன்னொரு நாட்டில் இருபத்தேழு என்று போட்டிருந்தது.

மறுநாள் இங்கிலீஷ் டீச்சரிடம் எழுந்து நின்று கேட்டேன். "மிஸ், எல்லுன்னா முன்கைங்க. அது எப்படிங் மிஸ் நாப்பத்தஞ்சு அங்குலம் இருக்கும்?"

வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அது கையில்லீங் மிஸ், பனைமரம்!" என்றான். இன்னொருவன், "டேய் குட்டக்கை, உங்கம்மாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடு!" என்றான்.

டீச்சர் பாடத்தைக் கெடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "சிலபஸ்ல இல்லாததைக் கேட்டு வகுப்பைக் கலைக்காதே. உக்காரு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்? ஆனால் அவருக்கும் அந்தச் சொல் தெரியாது என்பதை அவர் முகம் சொல்லியது. கை எப்படி அத்தனை நீளமானது என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் எனக்கும் கிடைக்கவில்லை. இரண்டு முழத்தையும் கொஞ்சத்தையும் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியான இடைவேளையில், என்னைக் கிண்டல் செய்கிற சாக்கில் எல்லாரும் முழம் போடத் தொடங்கினார்கள். பெஞ்சில் கையை வைத்து மாறி மாறி அளந்தார்கள். வகுப்பிலேயே உயரமான பையன் அளந்துவிட்டு, "இந்தப் பெஞ்சு நாலு முழம்" என்றான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டிப்பையன் அளந்தான். "போடா, அஞ்சு முழம்!" என்றான்.

"நாலுடா!"

"அஞ்சுடா! நீ வேணும்னா எண்ணு!"

இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். பெஞ்சு அதே பெஞ்சுதான். கைதான் வேறு.

எனக்குச் சட்டென்று அகராதி வரி நினைவுக்கு வந்தது. ஒரு ஊர் எல்லில் துணி வாங்கி இன்னொரு ஊர் எல்லில் விற்றால் என்னவாகும்? எண்ணிக்கை மாறும், துணி மாறாது. எங்கள் பூவை அளந்து கட்டியது அம்மாவின் கை. மண்டபத்து வாசலில் அளந்து கொடுத்தது யார் கை? கதவில் தலை குனிந்து நுழைகிற தாய்மாமன் கை!

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பம்ப்செட் வீட்டம்மா கணக்குப்படி ஐந்து முழம்தான் குறைய வேண்டும். ஆனால் பூ இல்லாமல் நின்றவர்கள் ஆறு பேர். நான் கண்ணால் பார்த்தேனே.

பள்ளிக்கூடம் விட்டதும் பூக்கூடைக்கு ஓடினேன். அம்மா யாருக்கோ இரண்டு முழம் அளந்துகொண்டிருந்தார். முதல்முறையாக அந்தக் கையைச் சரியாகக் கவனித்தேன். சரம் முட்டியில் தொடங்கி நடுவிரல் நுனிக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. விரல் நுனியைச் சுற்றி மடிந்து, உள்ளங்கைப் பக்கமாக இரண்டு கணு இறங்கி, கட்டைவிரல் பிடித்த இடத்தில்தான் நின்றது. அடுத்த முழம் அங்கிருந்து தொடங்கியது.

"எதுக்கும்மா விரலுக்கு மேல மடிக்கற?"

"என்ற கை சின்னதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? பூ விக்க வந்த அன்னிக்கே மடிச்சு உட்டுப் பழகிட்டேன். ஒரு முழத்துக்குக் கூடவே போகும், கொறையாது."

"இத அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"கைய அளந்துபோட்டு நிக்கறவங்ககிட்ட விரலைக் காட்டி ஞாயம் பேசுனா, பொய்க்கு மேல பொய்யும்பாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார். "பூ எப்பிடி பத்தாமப் போச்சுன்னுதான் எனக்கும் தெரியல சாமி. ஒருவேள நான் அறுபதுன்னு எண்ணுனதே தப்பாயிருச்சோ என்னமோ."

அதுதான் என்னை மிகவும் சுட்டது. ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அம்மாவே தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

அந்த வீட்டுக்காரர்கள் அதன்பின் வரிசைப் பக்கமே வரவில்லை. ஆயுதபூஜைக்கு நான்கு நாள் முன்பு, சாயங்காலம். பம்ப்செட் வீட்டம்மாவும் அவர் அண்ணனும் பட்டறைக்குப் பூ ஆர்டர் சொல்ல வரிசைக்கு வந்தார்கள். நேராக எதிர்வரிசை அக்காவிடம் போனார்கள். நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"ஏனுங்கய்யா, கல்யாணத்துல எல்லாருக்கும் பூ நறுக்கிக் குடுத்தது நீங்கதானுங்களே?"

"ஆமாடா சாமி, நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"என்னத்துல அளந்து குடுத்தீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதென்றா கேள்வி? எங்கையிலதான்!"

"எங்கம்மா இப்போ பத்து முழம் அளந்து நறுக்குவாங்க. நீங்க அதையே உங்க கையில ஒருக்கா அளந்து காட்டுங்கய்யா. ஒரேயொருக்கா."

"டேய், வழிய உடு" என்றார் பம்ப்செட் வீட்டம்மா. அம்மா கூடையிலிருந்து எழுந்து, "ஏங்கண்ணு, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு, இங்க வா" என்று என் தோளைப் பிடித்தார். ஆனால் அந்தத் தாய்மாமனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது.

"இரு அம்மணி, பையன் என்னமோ வித்தை காட்டறான். பார்த்துப்போட்டுத்தான் போலாம். அளங்க பூக்காரம்மா."

அம்மா ஒரு நொடி தயங்கினார். பிறகு முந்தானையை விலக்கிக் கையை வெளியே எடுத்தார். பத்து முழம் அளந்தார். ஒவ்வொன்றுக்கும் விரலில் மடித்து, கட்டைவிரலில் பிடித்து, நிதானமாக. நறுக்கிக் கொடுத்தார்.

தாய்மாமன் வாங்கி அளந்தார். வரிசையே சேர்ந்து எண்ணியது. "ஏழு... எட்டு... ஒம்பது..." பத்தாவதுக்கு அவர் கையை நீட்டினார். கையில் இரண்டே இரண்டு மொக்குதான் மிச்சம்.

"பத்துக்கு ஒண்ணு கொறையுதுங்கய்யா" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. "அறுபதுக்கு ஆறு கொறையுமுங்க. அன்னிக்கு ஆறு பேருக்குத்தானுங்களே பூ இல்லாமப் போச்சு?"

பம்ப்செட் வீட்டம்மா விரல்விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. மாப்பிள்ளையின் அத்தை, அத்தையின் மருமகள், இன்னும் நாலு பேர். ஆறு.

அதற்குள் எதிர்வரிசை அக்கா தன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டார். பக்கத்துத் தையல்கடைக்காரரிடம் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு, "இருங்க, பூவையும் அளந்துபோடலாம். கைய அளந்தாங்களே ஒழிய ஒருத்தரும் பூவை அளக்கலியே!" என்றார். அளந்தார். அறுபது அங்குல டேப்பு மூன்று தடவை முழுசாகப் போனது. அதற்கு மேலும் சரம் தொங்கியது.

"நூத்தி எம்பத்தஞ்சு! பத்து முழத்துக்கு நூத்தி எம்பது வந்தாப் போதும். அஞ்சு அங்குலம் சாஸ்தி! அடி ஆத்தா, இத்தன நாளா நீதான் நட்டப்பட்டிருக்கற போ!" என்று எங்கள் எதிரியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

தாய்மாமன் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு டேப்பை வாங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தார். இருபதரை. "அட பாவமே! தாராளமாக் குடுத்து எந்தங்கச்சி மானத்த வாங்குனது நானா?" என்று சொல்லிவிட்டு இடிமாதிரி சிரித்தார். "ஏன்டா சாமி, இத எப்பிட்றா கண்டுபுடிச்ச?"

"எல்லுங்கய்யா" என்றேன். எல்லாரும் முழித்தார்கள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். முன்கை என்று ஒரு பழைய இங்கிலீஷ் சொல் இருப்பதையும், அதை வைத்துத் துணி அளந்ததையும், ஊருக்கு ஊர் அது வேறுவேறாக இருந்ததையும், வகுப்பில் பெஞ்சை அளந்ததையும்.

"வெள்ளைக்காரனும் நம்மளாட்டந்தான் முழம் போட்டுட்டு இருந்தானா? அவனும் பஞ்சாயத்துக் கட்டியிருப்பானே!" என்றார் தாய்மாமன்.

கட்டித்தான் இருக்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு நூலகத்தில் படித்தேன். அங்கே துணி அளக்கும்போது அளவுக்கு மேலே ஒரு கட்டைவிரல் அகலம் கூடுதலாக விடும் வழக்கம் இருந்ததாம். வாங்குகிறவருக்குக் குறையக் கூடாது என்பதற்காக. அதைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து நூலகர் முறைத்தார். அந்த அகராதி இப்போது என்னிடம் இல்லை. வீடு மாறியபோது கரையான் தின்றுவிட்டது. எத்தனையோ பொருள் போயிருக்கிறது, அதற்குத்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அன்றைய சாயங்காலத்துக்கு வருகிறேன். பம்ப்செட் வீட்டம்மா எங்கள் கூடைக்கு முன்னால் வந்தார். பிறகு தணிந்த குரலில், "சரி பூக்காரம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளையிலருந்து பூ குடுத்துரு" என்றார்.

நானாக இருந்தால் சரியென்று துள்ளியிருப்பேன். அம்மா துள்ளவில்லை. அவ்வளவு குள்ளமான என் அம்மா அன்றைக்கு நிமிர்ந்து நின்றதில் எனக்கு உயரமாகவே தெரிந்தார்.

"குடுக்கறனுங் அம்மணி. ஆனா ஒண்ணுங்க. அன்னிக்கு என்ற கைய எல்லாருக்கும் கேக்கற மாதிரி அளந்து சொன்னீங்க. இதையும் அதே மாதிரி சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

பம்ப்செட் வீட்டம்மா அவமானப்படுத்தியவர்தான். ஆனால் நேர்மையில்லாதவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வரிசையைப் பார்த்துத் திரும்பினார். பட்டறை வாசலில் நின்ற ஆட்களையும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தம்மா பூவுல கொறவு இல்ல. நாங்கதான் வேற கையில அளந்துபோட்டு இவங்க மேல பழி போட்டோம். பத்து வருசமா இவங்க நமக்குச் சாஸ்திதான் குடுத்திருக்காங்க. தப்பு என்ற மேலதான்." பிறகு எங்கள் கூடைக்கு முன்னால் திரும்பி உட்கார்ந்து, பின்னலை முன்னால் இருந்து எடுத்து முதுகில் போட்டார். "வெச்சு உடு."

அம்மா அந்தப் பத்து முழத்திலிருந்தே ஒரு துண்டு நறுக்கி அவர் தலையில் வைத்துவிட்டார். தாய்மாமன் இன்னும் ஆறு முழம் வாங்கி, ஆறு பொட்டலமாகக் கட்டிக்கொண்டார். அன்றைக்கே துடியலூர் போய் மாப்பிள்ளையின் அத்தைக்கும் மற்ற ஐந்து பேருக்கும் கொடுத்துவிட்டு வந்தாராம். அத்தை வாங்கிக்கொண்டு, "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க" என்று சொன்னாராம். சொல்லிவிட்டுப் பூவை உடனே தலையில் வைத்துக்கொண்டாராம்.

ஆயுதபூஜைக்கு முந்தைய நாள், தெருவிலிருந்த பட்டறைகள் எல்லாம் சேர்த்து முந்நூறு முழம் செண்டுமல்லிச் சரம் கேட்டுவிட்டன. ஒரு ஆளால் முடிகிற வேலையா அது? அம்மா எதிர்வரிசை அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பகலெல்லாம் கட்டினார்கள். நானும் என் நண்பர்களும், என்னைக் குட்டக்கை என்று கூப்பிட்ட அதே பையன்கள்தான், உதிரிப்பூவை எடுத்துக் கொடுத்தோம். அப்பா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, தண்ணீர் தெளிக்கிற வேலையை வாங்கிக்கொண்டார். அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, "நாங்கூட அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "பூவுக்குத் தண்ணியத் தெளிங்க, என்ற மேல தெளிக்காதீங்க" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், பட்டறை ஆட்கள் சரம் வாங்க வந்து நின்றார்கள். கையெல்லாம் கிரீஸ், நெற்றியில் அப்போதே விபூதி. மஞ்சள் பூ மலைமாதிரி குவிந்து கிடந்தது.

"அளக்கறது யாருங்க?" என்று கேட்டார் ஒருவர்.

எதிர்வரிசை அக்கா அம்மாவைக் காட்டினார்.

அம்மா எழுந்து நின்றார். ரவிக்கைக் கையைச் சற்று மேலே ஏற்றிவிட்டு, சரத்தின் முனையை முட்டியில் வைத்தார். வியாபாரத்தில் எண்ணும்போது ஒன்றுக்குப் பதிலாக 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். அதுவரை அம்மா அதை வாய்க்குள்ளேயேதான் எண்ணுவார். அன்றைக்கு, முதல் முழத்தை இழுத்து விரலில் மடித்ததும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "லாபம்!" என்றார்.

"லாபம்!" என்று பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

"ரெண்டு!"

"ரெண்டு!"

முந்நூறு வரைக்கும் அப்படியே போனது.